முதலாளியின் மைக்கில் யார் பேசலாம்

எங்கள் முதலாளிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவருடைய மைக்கில் யார் என்ன பேசினாலும் அது அவரே பேசியதாகத்தான் மேலே பதிவாகும் என்பது. மேலே என்றால் எங்கே என்று கேட்டால், கடைச் சுவரில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்புக்குக் கீழே மாட்டியிருந்த அம்மன் படத்தைக் காட்டுவார்.

அம்பத்தூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் அவருடைய மைக் செட் கடை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதே மீசை முளைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் கையால் செய்கிற எந்த வேலைக்கும் தயாராக இருந்தேன், வாயால் செய்கிற வேலைக்குத்தான் பயம். ஊருக்கே சத்தம் போடுகிற கடையில் சத்தம் போடத் தெரியாத ஆள் நான் ஒருவன்தான். கம்பம் ஏறுவேன், குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவேன், ஒயர் இழுப்பேன். கடைசியில் மைக்கைப் பிடித்து "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் விரலால் இரண்டு தட்டு தட்டி, ஒரு ஊது ஊதிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

முதலாளி அப்படியில்லை. அவர் மைக்கைச் சோதிக்கிறபோது ஒன்று இரண்டு மூன்று சொல்லமாட்டார். "தாயே... தாயே... தாயே..." என்பார். மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டினாலும் அதையேதான் சொல்வார். "அங்கயும் தாய்தானடா கீது" என்று எனக்கு விளக்கமும் கொடுப்பார். பள்ளிவாசல் விசேஷம் என்றால் மட்டும் என்னைத் தட்டச் சொல்வார். அந்த ஒரு நாளில் என் கூச்சத்துக்கு மரியாதை கிடைக்கும்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு முறை சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் வந்து ஆவடியில் கூட்டத்துக்கு மைக் கேட்டார்கள். கேட்டபோது "பொதுக்கூட்டம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். நாங்கள் போய்க் குழாயெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் மேடையில் துணி கட்டினார்கள். அதில் எழுதியிருந்ததைப் படித்த முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. கட்டின குழாயை நிகழ்ச்சி முடியாமல் இறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதனால் அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

பேச்சாளர் நல்ல குரல்வளம் உள்ளவர். "கடவுள் இல்லை" என்று முழங்கினார். முதலாளி சரியான இடத்தில் திருகினார். கூட்டத்துக்குக் கேட்டது "கடவுள்" மட்டும். பேச்சாளர் மறுபடியும் முழங்கினார். மறுபடியும் "கடவுள்". கொஞ்ச நேரம் இப்படியே போனதும், ரயிலிலிருந்து இறங்கி நடந்து வந்த ஒரு அம்மாள் ஏதோ பஜனை என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

கூட்டம் முடிந்து பேச்சாளர் நேராக எங்களிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் ஒயர் சுருளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஐயா, உங்க சாமியை ஒரு திருகாணிய வெச்சுத்தான் காப்பாத்தணுமா? அவ்வளவு பயமா அதுக்கு?"

"சாமிக்கு இன்னா பயம்? பயம் எனக்குத்தான்," என்றார் முதலாளி. "நீங்க பேசிட்டு பூடுவீங்க. மைக்கு எங்கூட ஊட்டுக்கு வரும்."

"பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்குதே, தெரியுமா?"

"இருக்கட்டும். உங்க தொண்டையில பேசுங்க, யாரு வாணான்னா? என் கொழாயில வாணாம்."

இரண்டு பேரும் அங்கேயே டீ குடித்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. போகிறபோது பேச்சாளர் டீக்குத் தானே காசு கொடுப்பதாகச் சொன்னார், முதலாளி விடவில்லை. மறுநாள் அந்த மைக்கைப் பன்னீர் தெளித்துத் துடைத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அது வேலைக்குப் போகவில்லை.

அதே காலத்தில்தான் என் நண்பர் எனக்குப் பழக்கமானார். நண்பர் என்று எழுதுகிறேன். வேறு சொல் அன்றைக்கு எங்களிடம் இல்லை. மற்றவர்களிடம் சில சொற்கள் இருந்தன, அவற்றை அச்சில் போட முடியாது. அவர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கடைசல் பிடிக்கிற டர்னர். அவர்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு நான் குழாய் கட்டப் போயிருந்தேன். பாட்டை மாற்றச் சொல்ல வந்தவர், நான் தலையை மட்டும் ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஒமக்கு வாய் பேச வருமா, வராதா வே?" என்று கேட்டார். வரும் என்பதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். ஒரு பொட்டலம் பொரியைக் கொடுத்துவிட்டு, பூஜை முடியும்வரை என் பக்கத்திலேயே நின்று இரண்டு பேருக்குமாக அவரே பேசினார். அந்த ஏற்பாடு இன்றுவரை நீடிக்கிறது.

கொரட்டூரில் ஏரிப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் சேர்ந்து குடியிருந்தோம். பிறகு இன்னொரு வீடு, பிறகு இன்னொன்று. எல்லா வீட்டுக்காரரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். வந்த புதிதில் "ரூம் மேட்டா?" என்பார்கள். கொஞ்ச நாளில் "பொண்ணு பார்க்கட்டுமா?" என்பார்கள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கமாட்டார்கள். எதுவும் கேட்காமல் ஆனதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று நாங்கள் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிடுவோம். எங்களுக்கு எதிராகச் சட்டப் புத்தகத்தில் ஒரு எண் போட்டு எழுதியிருக்கிறது என்று பின்னாளில் யாரோ சொல்லித்தான் தெரியும். அப்போது எங்களுக்கு வீட்டுக்காரர்தான் சட்டம். உரிமை என்ற சொல்லைத் தொழிற்சங்கக் கூட்டங்களில் மட்டும் கேட்டிருக்கிறேன், அதுவும் மைக் கட்டப் போனதால்.

அந்த வீடுகளில் எல்லாம் நண்பர்தான் வாடகைக்காரர். பேச வேண்டியதைப் பேசுகிறவர் அவர். நான் "கூட இருக்கிறவர்". தபால்காரர், பால்காரர், பக்கத்து வீட்டு அம்மாள் எல்லோருக்கும் நான் கூட இருக்கிறவர்தான். எனக்கு அது பழகிவிட்டது. நண்பருக்குப் பழகவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு துண்டு மனை வாங்கி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு அறையும் சமையல்கட்டும் கட்டி முடித்தபோது அவர் ஒரே ஒரு ஆசையைத்தான் சொன்னார்.

"குடிபோற அன்னைக்கு வாசல்ல போர்டு எரியணும். ரெண்டு பேரு பேரும். புதுத் தெருவுல ஒருத்தனும் ஒன்னைப் பாத்து 'கூட இருக்கிறவரா'ன்னு கேக்கப்பிடாது."

போர்டு என்றால் கல்யாண போர்டு. இந்தக் காலத்து ஆட்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய பலகையில் வரிசை வரிசையாக ஓட்டை போட்டிருக்கும். மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் தகுந்தபடி அந்த ஓட்டைகளில் குட்டி பல்புகளைச் செருகி எழுத்தாக்குவோம். நடுவில் சிவப்பு பல்புகளில் ஒரு இதயம். பெயர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். இதயம் மட்டும் பலகையோடு பலகையாக நிரந்தரமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நண்பர் கடைக்கு வந்தார். முதலாளி குழாய்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, அடுத்த மாசம் வீடு குடிபோறோம். மைக் செட்டு, சீரியல் பல்பு, போர்டு எல்லாம் நீங்கதான் கட்டணும்."

"சந்தோசம் நைனா. நம்ம பையன் ஊட்டுக்குக் கட்டாம வேற யாருக்குக் கட்டப்போறேன்? போர்டுல இன்னா போடலாம், நல்வரவா?"

"எங்க ரெண்டு பேரு பேரும் போடணும். கல்யாணத்துக்குப் போடுற மாதிரி, பக்கத்துல பக்கத்துல."

முதலாளி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு குழாயின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

"இன்னா நைனா இப்படிக் கேட்டுட்டே?"

"ஒங்களுக்குத் தெரியாததா மொதலாளி?"

"தெரியறது வேற. இத்தினி வருசமா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சோத்து டப்பா எடுத்துகினு போறீங்க, ஒரே கொழம்பு வாசனை வருது. எனக்குத் தெரியாதா? நான் எதுனா கேட்டனா? தெரியறதுக்கு பல்பு வாணாம். பல்பு போட்டா அது சொல்ற மாதிரி. சொல்றது யாரு? நானு. என் பலகை, என் பல்பு, என் கரண்ட்டு."

"கரண்டு எங்க மீட்டர்லதான் மொதலாளி எடுப்பீய."

"அத்த வுடு. நாளைக்கி ஆத்தா என்னியக் கேப்பா. 'இன்னாடா, இத்தயெல்லாம் நீயி ஊருக்கு வெளிச்சம் போட்டுக் காட்டினியா'ம்பா. நான் இன்னா பதில் சொல்றது?"

"ஆத்தா கேட்டாளா, நீங்களே கேட்டுக்கிடுதீயளா?"

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சுகிற குரலில் பேசினார். "வெளில பாத்துக்க நைனா. நான் உங்கள வாணான்னு சொல்லல. என் வாயால ஆவாதுன்றேன். அவ்ளோதான்."

கோபம் எனக்குத்தான் வந்தது. கோபம் வந்தால் நான் ஒயர் சுற்றுவேன். அன்றைக்குக் கடையில் இருந்த ஒயர் முழுவதும் ஒரு முடிச்சு இல்லாமல் ஒழுங்காகச் சுற்றி அடுக்கப்பட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் நண்பர் சொன்னார். "பேசாம இருக்க ஒன் மொதலாளிக்கு உரிமை உண்டும் வே. பேச நமக்கும் உரிமை உண்டும். அவரு வாய் அடைச்சிருந்தா வேற கொழா பாப்போம்."

வேறு குழாய் பூந்தமல்லியில் இருந்தது. அங்கே ஒரு பாய் மைக் செட் வைத்திருந்தார். தாடியில் பாதி வெளுத்திருக்கும். தொழுகை நேரத்தில் எந்தக் கல்யாணமாக இருந்தாலும் பாட்டை நிறுத்திவிடுவார். பிராந்திக் கடைத் திறப்புவிழா என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் நாங்கள் எப்படிக் கேட்பது என்று பயந்து நான் நண்பருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நண்பர்தான் ஆரம்பித்தார்.

"பாய், வீடு குடிபோறோம். நானும் இவரும்..."

பாய் கையை உயர்த்தினார். "வீடு குடிபோறீங்க. போதும். அதுக்கு மேல சொல்லாதீங்க தம்பி."

"இல்ல பாய், பின்னால தெரிஞ்சு..."

"நான் கேக்கலையே. கேட்டா எனக்கு ஒரு கருத்து வந்துடும். வந்தா அதைச் சொல்லணும். எதுக்கு ரெண்டு பேருக்கும் சங்கடம்? என்னைக்கு, எத்தனை குழாய், அதை மட்டும் சொல்லுங்க."

அவரிடம் போர்டு மட்டும் இல்லை. நல்வரவு என்று துணியில் எழுதின பேனர்தான் இருந்தது. நண்பரின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் குழாயாவது கிடைத்ததே என்று பேசி முடித்துவிட்டு வந்தோம்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. அடுத்தவர் ஆள் வீட்டுக்கோ, அடுத்தவர் வாடிக்கைக்காரர் வீட்டுக்கோ குழாய் கட்டப் போகிறவர், அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தடியில் சண்டை வரும். பாய் முறை தெரிந்தவர். அடுத்த வெள்ளிக்கிழமை தன் மொபெட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலுக்கு வந்துவிட்டார். முதலாளி பூஜைக்கு உட்காரப் போகிற நேரம்.

"உன் ஆளு வீட்டு விசேஷம் என்கிட்ட வந்திருக்கு. உனக்குத் தெரியும்ல?"

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும் பாய்," என்றார். தெரியாது என்பது அவர் காதிலேயே தெரிந்தது, சிவந்துவிட்டது.

"நீ ஏன் கட்டல?"

"போர்டுல ரெண்டு பேரு பேரும் போடணுமாம்."

"போடேன்."

"நீ போடுவியா பாய்?"

"என்கிட்ட போர்டே இல்லப்பா. அல்லா என்னைக் காப்பாத்திட்டான்." பாய் மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி உள்ளே பார்த்துக் கத்தினார். "என் கடை ஆளு ஊட்ல பூந்தமல்லிக் கொழாயா? அம்பத்தூர்ல நான் தலை நிமுந்து நடக்கறதா வாணாமா?"

கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ நீயே கட்டு. யாரு கைய புடிச்சா?" என்றார்.

"ஆத்தா ஒத்துக்க மாட்டா."

"கேட்டுப் பாத்தியா?"

அதுவரை அவருக்கு அது தோன்றவில்லை. எந்த முடிவுக்கும் பூக் கட்டிப் பார்க்கிற மனிதர், இதற்கு மட்டும் அம்மன் சார்பில் தானே பதில் சொல்லிவிட்டிருந்தார். உடனே வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று எடுத்துத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தார். இரண்டையும் குலுக்கிப் படத்துக்கு முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிறவர் அவர் மனைவி. நான் ஒரு மூலையில் குழாய்களோடு குழாயாக நின்றேன்.

"தாயே, என் சாமான் இவன் ஊட்டுக்குப் போலாமா?"

அம்மாள் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

என்னைவிட முதலாளிக்குத்தான் ஏமாற்றம். "உன் கை ஈரமா கீது, தொடச்சுட்டு எடு," என்றார். மறுபடி மடித்து, குலுக்கிப் போட்டார். மறுபடியும் சிவப்பு.

"பரவால்ல மொதலாளி," என்றேன். அந்த மாதத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"நீ சும்மா இரு. உன்னியா கேட்டேன்?"

"ரெண்டு தபா சொல்லிட்டா," என்றார் மனைவி. "அவளுக்கு வேற வேலை இல்லியா? சும்மா சும்மா கேட்டுகினு கீறே."

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தபோது அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. சாமி இல்லை என்று பேசியவரின் முன்னால் திருகின் மேல் கை வைத்தாரே, அப்போது பார்த்த அதே பளபளப்பு.

"கேள்வி தப்பு," என்றார். "நான் தப்பாக் கேட்டுட்டேன்." பூக்களை மூன்றாவது முறை மடித்தார், குலுக்கினார், கைகூப்பினார். "தாயே, என் கடை ஆளு ஊட்டுக்கு வெளியாளு சாமான் வர்றது உனக்கு சம்மதமா?"

அம்மாள் எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"பாத்தியா!" முதலாளி எழுந்தே விட்டார். "சம்மதம் இல்லியாம்! ஆத்தாவுக்கே பொறுக்கல!"

அவர் மனைவி கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "வெள்ளை வெச்சியா, இல்ல ரெண்டும் செவப்பான்னு பாத்தேன்," என்றார். வெள்ளை இருக்கத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். பாயிடம் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போர்டு?" என்றார்.

"அத்தப்பத்தி ஆத்தாவக் கேக்கல."

"கேக்காண்டாம் மொதலாளி. மறுபடி பூவை மடிச்சா செவப்பு வந்தாலும் வந்துரும். நீங்களே சொல்லுங்க."

முதலாளி யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். ஒரு பேருக்குக் கீழ ஒரு பேரு போட்டுடலாம். கம்பெனி போர்டு மாதிரி."

"மேல யாரு, கீழ யாரு?"

முதலாளி விரலை நண்பர் பக்கம் நீட்டினார், என் பக்கம் திருப்பினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

"எங்க வீட்டுல மேல கீழன்னு ஒண்ணும் கெடையாது மொதலாளி. ஒரே தளம், ஆஸ்பெஸ்டாஸ்."

கடைசியில் முதலாளி ஒத்துக்கொண்டார். பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் இருக்கிற இதயம் எரியக் கூடாது. "பேரு உங்க பேரு. போட்டுக்கங்க. அந்த செவப்பு மட்டும் என் மனசாட்சிக்கு வுட்டுக் குடுங்க," என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என் தலை ஆடினால் சரி என்று அர்த்தம் என்று இரண்டு பேருமே நம்பினார்கள்.

குடிபோன அன்று காலையில் நாங்கள் இரண்டு பேருமாகப் பால் காய்ச்சினோம். ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை. மத்தியானம் மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் சாமான் வந்தது. முதலாளி முன்னால் உட்கார்ந்து குழாய்களைப் பிள்ளைகள் மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார். அன்று என்னைக் கம்பம் ஏற விடவில்லை. "ஊட்டுக்கார பையன் ஏறக் கூடாது" என்று தானே வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். எனக்குக் கொடுத்த ஒரே வேலை, போர்டில் பல்பு செருகி ஒயர் கொடுப்பது. வீட்டுக்குள் பலகையைப் படுக்கப்போட்டு உட்கார்ந்தேன். நண்பர் சமையல்கட்டில் பாயசத்தோடு போராடிக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நிதானமாக வேலை செய்தேன்.

சாயங்காலம் வாசலில் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் போர்டைத் தூக்கிக் கட்டினோம். முதல் பாட்டு வழக்கம்போல அம்மன் பாட்டு. தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற குடும்பங்கள். குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஆம்பளைகள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் சாப்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். இருட்டத் தொடங்கியதும் நான் ஸ்விட்சைப் போட்டேன்.

இடது பக்கம் நண்பர் பெயர் எரிந்தது. வலது பக்கம் என் பெயர் எரிந்தது. நடுவில் இதயமும் ஜம்மென்று எரிந்தது.

"டேய்!" என்றார் முதலாளி. "நான் இன்னா சொன்னேன்?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறினார். எதிர்வீட்டு அம்மாள் போர்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். நண்பர் பெயரைப் படித்து முடித்து, "அப்புறம்..." என்று என் பெயருக்கு வருகிற நேரம். முதலாளி இதயத்திலிருந்து ஒரு சிவப்பு பல்பைப் பிடுங்கினார்.

போர்டு முழுக்க அணைந்துவிட்டது. நண்பர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை.

சீரியல் பல்பின் குணம் அது. ஒன்றிலிருந்து ஒன்றாக ஒரே கோட்டில் மின்சாரம் போகும். எங்கே ஒரு பல்பு கழன்றாலும் அந்தக் கோடு முழுவதும் இருண்டுவிடும். அதனால்தான் கடையில் எப்போதும் மாப்பிள்ளை பெயருக்கு ஒரு லைன், பெண் பெயருக்கு ஒரு லைன், இதயத்துக்கு ஒரு லைன் என்று தனித்தனியாகக் கொடுப்போம். அன்றைக்கு நான் அப்படிக் கொடுக்கவில்லை. நண்பர் பெயரிலிருந்து எடுத்த ஒயரை இதயம் முழுக்கச் சுற்றவிட்டு, அதன் வழியாகத்தான் என் பெயருக்குக் கொண்டுபோயிருந்தேன்.

"இதுக்குத் தனி லைன் குடுக்கலியா நீயி?" முதலாளி இருட்டில் ஸ்டூல் மேல் நின்றபடி கேட்டார்.

"இல்ல மொதலாளி."

"ஏன்?"

"ஒயர் பத்தல."

அவர் கீழே பார்த்தார். அவர் ஏறியிருந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே புது ஒயர் சுருள் ஒன்று, முடிச்சில்லாமல் அழகாகச் சுற்றி வைத்திருந்தது. சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த பல்பைப் பார்த்தார். மனசுக்குள் ஆத்தாவிடம் ஏதோ பேசினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பூக் கட்டிப் பார்க்க அங்கே நேரமில்லை.

"இன்னாங்க," என்றார் எதிர்வீட்டு அம்மாள், "படிச்சிகினு இருக்க சொல்லவே அணைச்சிட்டீங்க? ரெண்டாவது பேரு இன்னா?"

சமையல்கட்டிலிருந்து நண்பர் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். இருண்ட போர்டைப் பார்த்தார். எப்போதும் இரண்டு பேருக்குமாகப் பேசுகிற மனிதருக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை.

முதலாளி பல்பைத் திருப்பிச் செருகினார். ஒரு தடவை மினுக்கிவிட்டு எல்லாம் வந்துவிட்டது. ஸ்டூல் மேல் நின்றிருந்த அவர் முகத்திலும் சட்டையிலும் சிவப்பு வெளிச்சம் அடித்தது. அந்த அம்மாள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, எழுத்துக்கூட்டி என் பெயர் வரைக்கும் படித்து முடித்தார்.

"யாருங்க இவரு?" என்றார். "கூட இருக்கறவரா?"

நண்பர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி ஸ்டூலிலிருந்தே திரும்பினார். மைக் அவர் கையில் இல்லை. இருந்தாலும் தெருக்கோடி வரை கேட்டது.

"இன்னாம்மா கூட இருக்கறவரு? அவனுக்கும்தான் இந்த ஊடு. ரெண்டு பேரு பேரும் எரியுது, கண்ணு தெரியல?"

சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். கரண்டியோடு நின்ற நண்பரை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா நின்னுகினு கீறே? எலையப் போடு. பாயசம் அடிப்புடிச்ச வாசனை வருது."